மாமாவின் மெழுகுக் கார்

எங்கள் வீட்டுக்குள் முதலில் கார் வந்தது. எழுத்துப் படிப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. இரண்டையும் கொண்டுவந்தவர் என் தாய்மாமா. காரைக் கொண்டுவந்தது அவருடைய பிடிவாதம் என்று ஊர் சொல்லும். எழுத்து எப்படி வந்தது என்பது ஊருக்குத் தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரியாமல்தான் இருந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கலாம். அப்பா நான் தவழும்போதே போய்விட்டதால் அம்மாவும் நானும் மாமாவோடுதான் இருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய நிலமும் வீடும் அவர் பெற்ற பிள்ளைக்குப் போவதில்லை. உடன்பிறந்தாள் பெற்ற மருமகனுக்குத்தான் போகும். அந்த வழக்கத்தைச் சர்க்கார் சட்டம் போட்டு மாற்றிவிட்டதாகக் கோட்டாற்றுக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வாசற்படியை அந்தச் செய்தி இன்னும் தாண்டியிருக்கவில்லை. வீட்டை ஆண்டவர் காரணவர். அம்மாவுக்கும் மாமாவுக்கும் அவர் தாய்மாமன். அவருக்குப் பிறகு மாமா, மாமாவுக்குப் பிறகு நான் என்று எல்லாம் தீர்மானமாகியிருந்தது. மாமாவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவருடைய வாரிசாக நான் அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாமா ஒருநாள் தம்முடைய இரண்டு உழவு மாடுகளையும் விற்றுவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு வக்கீல் ஓட்டி அலுத்துப்போன காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மலையோரத் தேயிலைத் தோட்டத்து லாரியில் ஒரு வருஷம் எடுபிடியாக இருந்து வண்டி ஓட்டப் பழகியிருந்தார். வாடகைக்கு ஓட்டப் போகிறேன், இனி ஏரைத் தொடமாட்டேன் என்றார். காரணவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் முன்பக்கம் குனிந்து பார்த்தார்.

“கும்பப்பூ அறுப்பு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நாலு பேரு மதிக்கப்பட்ட ஒரு ஓட்டம் ஓடிக் காட்டணும். இல்லேன்னா இந்தச் சவத்த வித்துட்டு மாடு பிடிச்சுக் கெட்டு, கேட்டியா?”

மாமா தலையசைத்தார். அந்த ஒரு அசைவில் அவர் வாழ்க்கை முழுவதும் கும்ப மாதமான மாசிக்கு இந்தப் பக்கமாக நெருக்கி அடைக்கப்பட்டுவிட்டது.

கார் ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். எங்களிடம் வந்தபோது அது அடுப்படிச் சுவரின் நிறத்தில் இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் அதன்மேல் சாக்கில் விழுந்ததுபோல் பரந்து படுத்துக்கொள்ளும். வெயில் வந்து வெகுநேரம் கழித்தும் அங்கங்கே ஈரமாகவே தெரியும். கோட்டாற்றிலிருந்து புதுக் கார் ஒன்று வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த கண்ணால் எங்கள் காரைப் பார்த்தவர்கள், “நடந்தே போயிருகேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மாமாவோடு நானும் தக்கலைக்குப் போயிருந்தேன். சவாரி கிடைக்காமல் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரையின் கார் வந்து நின்றது. துரை தாலுகா கச்சேரிக்குள் போனார். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கார் வழக்கம்போல் நனைந்து ஊறியது. துரையின் காரில் விழுந்த தண்ணீரோ ஒட்டவேயில்லை. சேம்பிலையில் நிற்பதுபோல் மணிமணியாக எழுந்து நின்றது. ஒன்றோடொன்று முட்டிப் பெரிதாகி, சரிவு கண்ட இடத்தில் ஓடியது. துரை திரும்பி வந்து வண்டி கிளம்பியதும் மேலே நின்றதெல்லாம் ஒரே உதறலில் பின்னால் போய்விட்டது. மாமா குடையை மடக்கி வைத்துக்கொண்டு மழையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னதாக அந்தக் காரின் ஓட்டுநரிடம் கேட்டும் வைத்திருந்தார்.

“சீமை மெழுகு ஓய் அது. டப்பாவில வரும். உம்ம வண்டிக்குப் பூசினா டப்பாவுக்கில்லா கேவலம்” என்று அவன் சொல்லியிருந்தான்.

வீட்டுக்கு வந்து தலைகூடத் துவட்டாமல் மாமா சொன்னார்: “அக்கா, அவன் வண்டியில வெள்ளம் ஒட்டல்ல. நம்ம வண்டியிலயும் ஒட்டப்பிடாது.”

“ஒட்டாம எங்க போவும்?”

“உருண்டு போவும்.”

“அப்பம் கொல்லையில சேம்பு நிக்கு. எலையப் பறிச்சு ஒட்டி வையி” என்றாள் அம்மா. மறுநாள் காலையில் தன் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

எண்ணெய் தடவியதும் கார் சனிக்கிழமை குளித்துவிட்டு வந்த புதுமாப்பிள்ளைபோல் ஆகிவிட்டது. தண்ணீரும் நிற்காமல் வழுக்கியது. மாமா அன்றே ஒரு நெல் வியாபாரியை ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போனார். அங்கே மலை இடுக்கில் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் மண்ணை விடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தது காரா செம்மண் குவியலா என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. கதவில் சாய்ந்த வியாபாரியின் வெள்ளை வேட்டியும் அதே நிறத்தில் இருந்தது.

“என்னலே, வயல வண்டி மேலயே கொண்டாந்துட்டே? வெதச்சிர வேண்டியதுதான்” என்றார் காரணவர்.

எண்ணெயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து எடுத்தார்கள். அடுத்தது அரக்கு. தச்சர்கள் கட்டில் காலுக்குப் பூசுவதுபோல் சாராயத்தில் கரைத்துப் பூசினார் மாமா. பளபளப்பு கண்ணைப் பறித்தது. தண்ணீர் மணியாக நிற்காமல் ஒரே படலமாக வழிந்தது. ஆனால் விடிகாலைப் பனி பட்டதும் அரக்கு வெளுத்துவிட்டது. கார் முழுக்கத் தேமல் படர்ந்தது. அதையும் துடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. மாமா கோபப்படவும் இல்லை, சோர்ந்துபோகவும் இல்லை. உழவில் ஒரு சால் கோணிப்போனால் அடுத்த சாலில் நேராக்குகிறவர்போல, அடுத்த நாள் கோட்டாற்றுக்குக் கிளம்பினார்.

அங்கே மாதாகோயிலுக்கு மெழுகுதிரி வார்த்துக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். மாமா தேன்மெழுகு கேட்டார்.

“யாருக்கு நேர்ச்சை?” என்று அவர் கேட்டார்.

“காருக்கு.”

அவர் மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உருப்படியா ஓடணும்னா? கொண்டு போவும், நானும் ஒரு வாக்கு வேண்டிக்கிடுதேன்” என்று ஒரு கட்டியை உடைத்துக் கொடுத்தார்.

தேன்மெழுகைத் தனியாகத் தேய்த்தால் அது கட்டியாகவே வழுக்கிக்கொண்டு போனது. வண்ணம் பூசுகிறவர்களிடம் டர்ப்பன்டைன் தைலம் வாங்கி அதில் கரைக்கலாம் என்று மாமாவுக்குத் தோன்றியது. அடுப்பில் வைத்துக் கரைக்கப் போய் ஒரு பக்க மீசையைக் கருக்கிக்கொண்டார். பிறகு வெந்நீருக்குள் சட்டியை வைத்து, நெருப்பில்லாமல் கரைத்தார். நெய் பதத்தில் வந்தது. அதைக் கை நிறைய எடுத்து அப்பினார். கார் அரிசிமாவில் புரண்டதுபோல் ஆயிற்று. பின்னால் நின்று பார்த்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே, தோசக் கல்லுக்கு எண்ணெ தடவுகது மாதிரித் தடவு. செவருக்குச் சாணி பூசுகது மாதிரிப் பூசாதே.”

மாமா துடைத்துவிட்டு அவள் சொன்னபடி தடவினார். கண்ணாடியில் ஊதினால் மங்குமே, அந்த அளவுக்கு மங்கும்வரை விட்டு, பழைய வேட்டித் துணியால் தேய்த்தார். தோள் இறங்கத் தேய்த்தார். அடுப்படிச் சுவருக்குள்ளிருந்து கறுப்பு மெல்ல வெளியே வந்தது.

தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வேலை எனக்கு. மூக்கு வைத்த கிண்டியை எடுத்துக்கொண்டு நான் காரைச் சுற்றி வருவேன். மாமா வண்டிக்கு அடியில் படுத்து ஏதாவது முடுக்கிக்கொண்டிருப்பார்.

“மக்கா, வெள்ளம் நிக்கா, கெடக்கா?”

“நிக்கு மாமா.”

“எம்புட்டு?”

“கதவுல மொளகு அளவு. சக்கரத்து மேல உளுந்து அளவு. எஞ்சின் மூடியில கெடக்கு.”

கிடக்கிறது என்றால் அங்கே மெழுகு போய்விட்டது என்று அர்த்தம். சூடு பட்ட இடத்தில்தான் முதலில் போகும். மாமா உடனே எழுந்து அந்த இடத்தில் மறுபடி தடவுவார். மெழுகு புதிதாக இருந்தால் துளி சிறுத்து, உருண்டு, உயர்ந்து நிற்கும். நாலைந்து தடவை கழுவியதும் துளி தட்டையாகிக் கரை பரப்பும். பிறகு படுத்துவிடும். இதை நான் அந்த வயதில் என் கை விரல்போல அறிந்திருந்தேன். இப்போது கல்லூரியில் ரசாயனம் படிக்கிறேன். தண்ணீர் தனக்குப் பிடிக்காத பரப்பில் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் என்று வாத்தியார் படம் போட்டு விளக்கியபோது, துளியின் மூன்று வடிவங்களையும் அவர் வரைவதற்கு முன்பே என்னால் சொல்ல முடிந்தது.

தை மாதம் எங்கள் ஊர் மேலத் தெருப் பெரிய வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை தக்கலைப் பக்கம். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் தக்கலைக்குப் போகக் கோட்டாற்றுப் புதுக் காரைப் பேசியிருந்தார்கள். இதைவிட நாலு பேர் மதிக்கிற ஓட்டம் கும்பப்பூ அறுப்புக்குள் வராது என்று மாமாவுக்குத் தெரியும். காரைக் கொண்டுபோய்ப் பெரிய வீட்டு வாசலில் நிறுத்தினார். வீட்டுக்காரர் வெளியே வந்ததும் ஒன்றும் பேசாமல் ஒரு செம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்து, “ஊத்திப் பாரும்” என்றார். ஊற்றினார். மணிமணியாக நின்று ஓடியது. இன்னொரு செம்பு கொண்டுவரச் சொன்னார். பிறகு அவர் தம்பி ஊற்றினார், பிள்ளைகள் ஊற்றினார்கள். கிணற்றடியில் யாரோ இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பெரிய வீட்டுக்காரர், “சரி வே, உம்ம வண்டியே வரட்டும். கோட்டாத்துக்காரன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றார். மாமா வீடு வந்து சேரும்வரை வழியெல்லாம் ரப்பர்ப் பந்து ஆரனை நான் அமுக்கிக்கொண்டே வந்தேன்.

கல்யாணத்தன்று நல்ல வெயில். காலையிலிருந்து ஊர் முழுக்க அந்தக் காரில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். காரணவர்கூட யாரும் பார்க்காத நேரம் பார்த்து ஒருமுறை மீசையைத் தடவிக்கொண்டார். சாப்பாடு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தார்கள். கார் ஆசனத்தில் வெள்ளைத் துணி விரித்து, மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தது. பெண்ணின் அத்தை ஆரத்தித் தட்டோடு வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு நீரைத் தம்பதிக்குச் சுற்றினாள். மிச்சத்தைத் தெருவில் கொட்டுவதுதான் முறை. ஆனால் அன்றைக்கு அவள் கண் காரின்மேல் விழுந்தது.

“இதுக்கு எத்தன கண்ணு பட்டிருக்கோ” என்று சொல்லி, ஒரு வெற்றிலையால் அந்த நீரை அள்ளி எஞ்சின் மூடிமேலும் கதவுமேலும் சக்கரத்து மேல்மூடிகள்மேலும் தாராளமாகத் தெளித்தாள்.

வேறு எந்தக் காரானாலும் அது பரவி, காய்ந்து, யார் கண்ணிலும் பட்டிருக்காது. எங்கள் காரில் ஒவ்வொரு துளியும் எழுந்து நின்றது. கறுப்பு உடம்பு முழுக்க, உச்சியிலிருந்து கால்வரை, மிளகளவும் உளுந்தளவுமாகச் செக்கச்செவேல் என்று கொப்புளங்கள். வெயிலில் அவை மினுமினுத்தன.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அந்த மாதம் கீழத் தெருவில் வைசூரி என்னும் பெரியம்மை கண்டிருந்தது. அங்கே வீட்டு வாசல்களில் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா பெண்ணின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“என்னட்டி இது. கண்டது மாதிரில்லா இருக்கு.”

மாமா தோளிலிருந்த துவர்த்துத் துண்டை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனார். மாப்பிள்ளையின் காரணவர் குறுக்கே வந்து நின்றார். உயரமான மனிதர். நெற்றி நிறைய நீறு.

“ஆரத்திய அழிக்கப் பிடாது ஓய். மங்கலத்துக்குத் தெளிச்சது.”

“அப்பம் அப்படியே ஏறட்டும்.”

“அப்படியே எப்படி ஏறுகது? பிள்ளையளுக்கு ஆகாது.”

துடைக்கவும் கூடாது, துடைக்காமல் ஏறவும் கூடாது. நின்றால் வெயிலில் காய்ந்து புள்ளிகள் அப்படியே பிடித்துக்கொள்ளும். யாரோ ஒருவர் கோட்டாற்றுக் காருக்கு ஆள் அனுப்பலாம் என்றார். எங்கள் காரணவர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: “ஏலே, ஓரமாத் தள்ளிப் போடு. நம்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போவ ரெண்டு மாடு இரவல் கேப்போம்.” சிலர் சிரித்தார்கள்.

மாமா சிரித்தவர்கள் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் காரணவரைப் பார்த்தே சொன்னார்.

“தொடைக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். அது மெழுகு மேல சும்மா நிக்கு. வண்டி ஒரு சுத்து போயிட்டு வந்தா தன்னால உருண்டு போவும். நோயுமில்ல ஒண்ணுமில்ல.”

“வெறும் வண்டிய ஓட்டிட்டு வந்து காட்டினா ஆச்சா? மொதல்ல ஒரு ஆளு ஏறி எறங்கணும்லா?”

“நான்தான் ஏறுகேனே.”

“ஓட்டுகவனுக்கு என்ன, அவன் எல்லாத்துலயும் ஏறுவான். மாப்பிள்ளை இருக்கப்பட்ட எடத்துல ஒரு ஆளு இருக்கணும்.” அவர் சுற்றிலும் பார்த்தார். அவருடைய பார்வை என்மேல் வந்து நின்றது. “இவன் உம்ம மருமகன்தானே? அவ்வளவு உறுதின்னா இவன ஏத்தும். பொறவு எங்க பிள்ளையளும் ஏறும்.”

அதுவரை ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வைத்திருந்த மாமா துவர்த்தை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். எனக்கு அது விளங்கவே இல்லை. மல்லிகைச் சரம் தொங்குகிற அந்த வெள்ளை ஆசனத்தில் என்னை உட்காரச் சொல்லுகிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் பரபரப்பாக இருந்தது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தும்விட்டேன். மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார்.

“அக்கா.”

அவ்வளவுதான் சொன்னார். அம்மா காரைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா என்று எனக்கு நினைவில்லை.

“ஏத்து” என்றாள்.

நான் மாப்பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளைபோலவே கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். என் வயதுப் பையன்களெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவன்கூட எனக்கும் இடம் தா என்று கேட்டு ஓடிவரவில்லை. வழக்கமாக வண்டி கிளம்பினால் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் உறுமியதும் சிவப்புத் துளிகள் நடுங்கின. வண்டி தெருமுனை திரும்பும் முன்பே எஞ்சின் மூடியின் சரிவில் நின்றவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கின. குளத்தங்கரைச் சாலையில் மாமா வேகம் எடுத்தார். காற்று தள்ள, துளிகள் பின்னோக்கி ஓடிக் கண்ணாடியில் ஏறிச் சிதறின. நான் எழுந்து நின்று, “மாமா, போவுது, போவுது” என்று கத்தினேன்.

ஊர் கண்ணுக்கு மறைந்ததும், கரை வளைவில் மாமா வண்டியை நிறுத்தினார். நீர் வற்றி, சக்கர மேல்மூடிகளில் அங்கங்கே புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. மாமா துவர்த்தின் நுனியைக் குளத்தில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மெழுகின்மேல் இருந்ததால் கீறாமல், கறை வைக்காமல் வந்துவிட்டது. சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு மற்றவற்றையும் துடைத்தார்.

“மக்கா, இத ஆருட்டயும் சொல்லப்பிடாது.”

“சொல்லமாட்டேன் மாமா.”

அவர் வண்டியைக் கிளப்பாமல் என் பக்கம் வந்து நின்றார். “ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?”

“ஒண்ணுமில்ல.”

“சூடா இருக்கா?”

“வெயிலுல்லா மாமா.”

அவர் என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காரில் போனால் சிலருக்குக் குமட்டும், அதனால் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. எனக்கு அப்படியெல்லாம் இல்லை என்று காட்ட, திரும்பி வரும்போது முன்னால் எட்டி ஆரனைப் பலமாக அமுக்கினேன்.

பெரிய வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது அதில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. மாப்பிள்ளையின் காரணவர் கதவைத் தடவி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நான் இறங்கினேன். என்னையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு, “ஏறுங்க பிள்ளையளா” என்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். கார் தக்கலைச் சாலையில் போய் மறைகிறவரை எங்கள் காரணவர் பார்த்துக்கொண்டு நின்றார். மாட்டைப்பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை. அந்த மாசியிலும் பங்குனியிலும் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் மெழுகுக் கார்தான் வரவேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அந்த வாடகைக் காசில், பள்ளிக்கூடம் திறந்ததும் மாமா என்னை நாகர்கோவிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் பெருவிரலை ஊன்றினார்.

அந்தக் கல்யாணத்தை அடுத்து வந்த சில வாரங்களைத்தான் நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து அம்மா என்னை விடியும் முன்பே எழுப்பிக் குளிக்க வைத்தாள். குளித்ததும் வெளிச்சம் வருகிற பக்கமாக நிறுத்தி, முதுகைத் திருப்பிப் பார்ப்பாள். நெஞ்சைப் பார்ப்பாள், காது மடலை விலக்கிப் பார்ப்பாள், கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்ப்பாள். ஒரு கொசுக்கடி இருந்தாலும் அதை விரலால் அமுக்கி அமுக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். மாமா எவ்வளவு தூரம் சவாரி போனாலும் பொழுது சாயும்போது வீட்டில் இருப்பார். வந்ததும் காரைக்கூடத் துடைக்காமல் நேரே என்னிடம் வந்து நெற்றியில் கை வைப்பார். நோயுமில்லை ஒன்றுமில்லை என்று ஊர் நடுவில் சொன்னவர் அவர்தான். வெறும் மெழுகு, வெறும் தண்ணீர் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். தெரிந்ததும் நம்பியதும் ஒன்றாக இருந்திருந்தால் அவர்கள் இருவரும் அந்த வாரங்களில் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வரும்போதெல்லாம் அம்மா என்னை நெல் பத்தாயத்துக்குள் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள் என்பதும், அதனால் என் கையில் அம்மை குத்திய தழும்பு இல்லை என்பதும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊசி முனைக்குக்கூட என்னைக் கொடுக்காதவள் அவள்.

அப்போது எனக்குத் தோன்றியது வேறு. மாப்பிள்ளையின் ஆசனத்தில் உட்கார்ந்து வந்தபிறகு என்னை எல்லாருக்கும் கூடுதலாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கவனிப்பு எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. கீழத் தெரு வாசல்களிலிருந்து வேப்பிலை இறங்கிய பிறகு, ஒருநாள் காலையில் அம்மா என்னைக் குளிப்பாட்டித் துவட்டிவிட்டு, திருப்பிப் பார்க்காமல் உள்ளே போகத் திரும்பினாள். நான் ஈரக் காலோடு அவள் பின்னாலேயே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஏன் இன்றைக்கு என்னைப் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பார்க்கச் சொல்லி மறுபடியும் கேட்டேன்.